பெனால்டி உதைக்கும் முன் அந்த சில விநாடிகள்... வீரர்கள் மனதுக்குள் என்ன நடக்கிறது?

1996 ஜூன் 26. லண்டன் வெம்ப்ளி மைதானம். யூரோ கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து - ஜெர்மனி ஆட்டம் 1-1 எனச் சமனாகி, பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனது. இரண்டு அணிகளும் தலா 5 வாய்ப்புகளையும் கோலாக்கிவிட்டன. இங்கிலாந்தின் ஆறாவது வாய்ப்புக்கு வந்தவர் கேரத் சவுத்கேட். அவர் உதைத்த பந்தை ஜெர்மனி கோல்கீப்பர் தடுத்துவிட்டார். அடுத்த உதையை ஜெர்மனி கோலாக்கியது. சொந்த மண்ணில் இங்கிலாந்தின் கனவு முடிந்தது.

பந்தை வைத்து, உதைத்து, சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது தன் மனதில் இருந்தது என்று பின்னாளில் சவுத்கேட் எழுதினார். அந்த 'சீக்கிரம் முடிச்சிடலாம்' என்கிற எண்ணம்தான் சிக்கலே என்கிறது விளையாட்டு உளவியல்.

எது 'நம்ம கையில்' இருக்கும் ஆட்டம்?

விளையாட்டுத் திறன்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வேகப்பந்து வீச்சாளர் வீசும் பந்தை ஆடும் பேட்ஸ்மேனுக்கு யோசிக்க நேரமே இல்லை. எப்போது ஆட வேண்டும் என்பதை எதிராளிதான் முடிவு செய்கிறார்.

பெனால்டி உதை, கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ, டென்னிஸ் சர்வீஸ், கோல்ஃப், துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்றவை வேறு ரகம். எப்போது தொடங்குவது என்பதை ஒரு வரம்புக்குள் வீரரே தீர்மானிக்கிறார். இலக்கும் பெரும்பாலும் அசையாது. பெனால்டிக்கு 11 மீட்டர், ஃப்ரீ த்ரோவுக்கு சுமார் 4.6 மீட்டர் எனத் தூரமும் மாறாது.

கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசிக்க நேரம் கிடைப்பதுதான் இங்கே ஆபத்து. 'தவறவிட்டால் என்ன ஆகும்?', 'நாளைக்கு என்ன பேசுவாங்க?' என்றெல்லாம் மனம் ஓடத் தொடங்கிவிடும்.

பழகிய கை ஏன் தடுமாறுகிறது?

பல வருடம் பைக் ஓட்டுபவர் கிளட்ச், கியர் என்று யோசிப்பதில்லை. கை, கால் தானாக வேலை செய்யும். 'இப்ப கிளட்சை எவ்வளவு விடணும்?' என்று கவனிக்கத் தொடங்கினால் வண்டி குலுங்கும். நெருக்கடியில் தேர்ந்த வீரருக்கும் இதுதான் நடக்கிறது. பதற்றத்தில் தன் அசைவையே தானே கண்காணிக்கத் தொடங்குகிறார்.

சியான் பெய்லாக் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள கோல்ஃப் வீரர்கள் தங்கள் கை அசைவை உற்றுக் கவனித்தபோது சரியாக ஆடவில்லை. காதில் கேட்கும் சத்தங்களில் ஒன்றைக் கண்டறியும் வேலையைக் கூடவே கொடுத்தபோது அதைவிட நன்றாக ஆடினார்கள். அதாவது, மனதுக்கு வேறு வேலை கிடைத்ததும் உடல் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

ஐந்து படிகள்

சரி, மனதுக்கு என்ன வேலை கொடுப்பது? அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் ராபர்ட் சிங்கர் 1980களில் ஒரு வழியை முன்வைத்தார்.

1. தயாராவது: மூச்சு, நிற்கும் விதம், பந்தைத் தட்டுவது என ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தொடங்குவது.
2. மனக்கண்ணில் பார்ப்பது: செய்யப்போகும் செயல் சரியாக முடிவதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது.
3. கவனத்தைக் குவிப்பது: இலக்கின் ஒரு சிறு புள்ளியில் மட்டும் பார்வையை நிறுத்துவது.
4. செய்வது: அசைவைப் பற்றியோ முடிவைப் பற்றியோ யோசிக்காமல் செய்துவிடுவது.
5. மதிப்பிடுவது: நேரம் இருந்தால், எந்தப் படி சரியாக இருந்தது, எது பிசகியது என்று பார்ப்பது.

மூன்றாவது படிக்குக் கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸின் ஆய்வுகள் வலு சேர்க்கின்றன. ஃப்ரீ த்ரோ போடும்போது, தேர்ந்த வீரர்களின் கடைசிப் பார்வை மற்றவர்களைவிட அதிக நேரம் வளையத்தில் அசையாமல் நிற்பதை அவர் கண்டறிந்தார்.

இந்த நுணுக்கம் எவ்வளவு முக்கியம்? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிப் போட்டி. கடைசி ஷாட்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமநிலையில் இருந்தார்கள். பிந்த்ரா எடுத்தது 10.8, ஹாக்கினன் எடுத்தது 9.7. ஒருவருக்குத் தங்கம், மற்றவருக்கு வெண்கலம்.

இது சென்டிமென்ட் இல்லையா?

ரஃபேல் நடால் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைப்பார். சர்வீஸுக்கு முன் மூக்கையும் காதையும் தொடுவார். பலரும் இதை மூடநம்பிக்கை என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். மனதில் ஒழுங்கைக் கொண்டுவரும் வழி இது என்பது நடாலின் விளக்கம்.

வித்தியாசம் இதுதான்: 'அந்த நீலச் சட்டை போட்டால்தான் ஜெயிப்பேன்' என்பது சென்டிமென்ட். சட்டை தொலைந்தால் நம்பிக்கையும் தொலைந்துவிடும். மூச்சு, பார்வை, ஒரு சொல் போன்றவை எப்போதும் நம்மிடமே இருப்பவை. கவனத்தை அடுத்த செயலுக்குத் திருப்புவதுதான் அவற்றின் வேலை.

இங்கிலாந்து மாற்றியது என்ன?

நார்வே ஆய்வாளர் கைர் யோர்டெட், பெரிய தொடர்களின் ஷூட்அவுட் வீடியோக்களை ஆராய்ந்தார். நடுவர் விசில் அடித்த உடனே ஓடிவந்து உதைத்தவர்கள் அதிகம் தவறவிட்டிருந்தார்கள். மிக வேகமாக உதைத்தவர்களில் இங்கிலாந்து வீரர்களும் அடக்கம். இன்னொன்றையும் அவர் கவனித்தார். நடுவர் காக்கவைத்து, வீரர் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தபோதும் கோல் வாய்ப்பு குறைந்தது. ஆக, வெறுமனே நேரம் கடத்துவது உதவாது. அந்த நேரம் வீரரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

2018 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து பயிற்சியாளராகச் சென்றவர் அதே சவுத்கேட். அதுவரை பெரிய தொடர்களில் ஆடிய 7 ஷூட்அவுட்களில் 6இல் இங்கிலாந்து தோற்றிருந்தது. 'பெனால்டி என்றாலே லாட்டரி' என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, அதைத் திறனாகவே பயிற்சி செய்தார்கள். கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில் வீரர்கள் அவசரப்படவில்லை. கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டே பந்தை எடுத்துத் தன் அணியினர் கையில் கொடுத்தார். ஷூட்அவுட்டில் 4-3 என இங்கிலாந்து வென்றது. உலகக் கோப்பையில் அதுவே அவர்களின் முதல் ஷூட்அவுட் வெற்றி.

தோல்வியே வராதா?

வரும். 2021இல் நடந்த யூரோ இறுதிப் போட்டியில் இத்தாலியிடம் ஷூட்அவுட்டில் இங்கிலாந்து 3-2 எனத் தோற்றது. கடைசி வாய்ப்பைத் தவறவிட்ட புகாயோ சாகாவுக்கு அப்போது வயது 19. அதன்பிறகு சமூக வலைதளங்களில் இனவெறித் தாக்குதலையும் அவர் சந்தித்தார். 2024 யூரோ காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக மீண்டும் ஷூட்அவுட். சாகா உட்பட 5 பேருமே கோல் அடித்தார்கள். பழக்கம் வெற்றிக்கு உத்தரவாதம் தராது. தனக்குத் தெரிந்ததை நெருக்கடியிலும் செய்ய உதவும், அவ்வளவுதான்.

உங்களுக்கும் உதவும்

நேர்காணலில் முதல் பதில், மீட்டிங்கில் பிரசன்டேஷன், டிரைவிங் டெஸ்ட்... இவற்றிலும் தொடங்கும் நொடி பெரும்பாலும் உங்கள் கையில்தான். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். முதல் வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குங்கள். பேசும்போது 'நல்லா பேசுறேனா?' என்று சோதிக்காதீர்கள். அதை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு நிபந்தனை: இதை முக்கியமான நாளில் முதல்முறையாகச் செய்து பார்க்கக் கூடாது. சாதாரண மீட்டிங்கிலேயே பழகிக்கொள்ளுங்கள். பயிற்சியில் செய்யாத பழக்கம் பதற்றத்தில் கைகொடுக்காது.