திரும்பத் திரும்ப வரும் தோல் அரிப்பு: காரணத்தைக் கண்டறியும் வழி

அரிப்புடன் தோன்றும் தடிப்பு களிம்பு பூசியதும் அடங்கி, சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டுமானால், அடங்கியது அழற்சி மட்டுமே என்றும், அதைத் தூண்டிய பொருளோ கிருமியோ இன்னும் அகலவில்லை என்றும் ஐயுற இடமுண்டு. எந்த மருந்தைப் பூசுவது என்று கேட்பதற்கு முன், அரிப்பு உடலில் எங்கே தொடங்கியது, எந்த வேளையில் கூடுகிறது, வீட்டில் வேறு யாருக்கேனும் உள்ளதா என்ற மூன்றுக்கும் விடை தேடினாலே பாதி வழி கடந்துவிடலாம்.

இடம் காட்டும் துப்பு

ஒரு பொருள் தோலில் பட்டு, அதை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதுவதால் எழும் அழற்சி, ஒவ்வாமைத் தொடுதோல் அழற்சி எனப்படும். கவரிங் நகையிலுள்ள நிக்கல் காது மடலிலும், ஜீன்ஸ் பொத்தானிலுள்ள அதே நிக்கல் தொப்புளுக்குக் கீழேயும் புண்ணாக்கும். ரப்பர் செருப்பின் வேதிப்பொருள்கள் புறங்காலில் வாரின் வடிவத்தையே பதித்துவிடும். தலைச்சாயத்திலுள்ள பாராஃபினிலின்டையமின் நெற்றி ஓரத்திலும் காதுகளிலும் பிடரியிலும் வெளிப்படும். சிமென்ட்டிலுள்ள குரோமியம் கொத்தனாரின் கைகளை வெடிக்கச் செய்யும்.

இந்த ஒவ்வாமையை நடத்துபவை டி அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்கள். அவை திரண்டு வரப் பொதுவாக ஓரிரு நாள்கள் ஆவதால், ஞாயிறு பூசிய சாயத்துக்குச் செவ்வாய் எழும் அரிப்பைப் பலரும் தொடர்புபடுத்துவதில்லை. பல ஆண்டுகளாக அதே சாயத்தைத்தான் பூசுகிறோம் என்பதும் அதை விடுவிக்கும் சான்றாகாது; நெடுநாள் ஒத்துக்கொண்ட பொருளும் ஒருநாள் ஒவ்வாததாக மாறக்கூடும்.

இந்தியாவில் சிறப்பாகக் கருத வேண்டியது பார்த்தீனியம். 1950களில் புனே பகுதியில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய இக்களையின் நுண்துகள்கள் காற்றில் மிதந்து வந்து தோலில் படிவதால், செடியைத் தொடாதவருக்கும் முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் தடித்துக் கருக்கும். வெயில் ஒவ்வாமையும் முகத்தையும் கழுத்தையுமே தாக்குவதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. எனினும் வெயில் படாத மேலிமை, காதின் பின்புறம், தாடையின் அடிப்பகுதி ஆகியவையும் தடித்திருந்தால், காற்றில் வரும் பொருளையே முதலில் ஐயுற வேண்டும்.

வேளையும் வீட்டாரும்

இரவில் அரிப்பு மிகுந்து, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு கொப்புளங்கள் தோன்றி, உடன் உறங்குவோருக்கும் அதே தொல்லை இருந்தால் அது பெரும்பாலும் சிரங்கு. தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் நுண்ணிய உண்ணியால் வருவதாலும், முதன்முறை தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை அரிப்பே தெரியாதிருக்கலாம் என்பதாலும், வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ளாவிடில் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காணாக்கடியின் இயல்பு வேறு. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடிட்டு வைத்து, 24 மணி நேரத்துக்குள் கோட்டுக்குள் தடமே இல்லாமல் மறைந்து வேறிடத்தில் புதிது எழுந்தால், அது காணாக்கடி என்று கொள்ளலாம். ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காணாக்கடிக்கு உணவு காரணமாவது அரிது. ஆகவே கத்தரிக்காய், கருவாடு, முட்டை என ஒவ்வொன்றாக விலக்கி, சத்துக் குறைந்து வாடுவது வீண் துன்பம். உதடோ நாக்கோ வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் எதையும் ஆராயாமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

காரணத்தை மறைக்கும் களிம்பு

மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் குளோபீட்டசால் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டு உண்டு. தொடை இடுக்கில் வந்த படர்தாமரைக்கு அதைப் பூசினால், சிவப்பும் அரிப்பும் சில நாள்களில் தணிய, பூஞ்சை மட்டும் தடையின்றிப் பரவி, வட்ட வடிவம் கலைந்து, மருத்துவரே அடையாளம் காண இயலாதவாறு உருமாறிவிடுகிறது. இத்தகைய நிலையில் தோல் செதிலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையே ஐயத்தைத் தீர்க்கும்.

பேட்ச் டெஸ்ட்

ஒவ்வாமை என்றதும் பெரும் பணம் கொடுத்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோர் பலர். அச்சோதனை அளக்கும் ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்துக்கும் தொடுதோல் அழற்சிக்கும் தொடர்பில்லை. இதற்கு உரியது, யோசப் யாடசோன் என்னும் ஜெர்மன் தோல் மருத்துவர் 1895இல் அறிமுகப்படுத்திய பேட்ச் டெஸ்ட். ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறு அளவில் மேல்முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் நனையாமல் காத்து, பட்டையை எடுத்ததும் ஒருமுறையும் மேலும் ஓரிரு நாள் கழித்து ஒருமுறையும் பார்ப்பார்கள். இரண்டாம் பார்வையைத் தவறவிட்டால், மெல்ல எழும் ஒவ்வாமைகள் தப்பிவிடும். ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் அது முடிவைப் பொய்யாக்கக்கூடும். சோதனையில் சிவந்த பொருளெல்லாம் குற்றவாளியாகிவிடாது. நோயாளி அன்றாடம் தொடும் பொருளில் அது இருப்பதும், அதை விலக்கிய பின் வரும் வாரங்களில் தோல் தெளிவதும் உறுதியானால்தான் காரணம் கண்டறியப்பட்டதாகும்.