மூன்று பளிங்கு டீப்பாய்: கிலோவிலும் ரூபாயிலும் ஒரு கணக்கு

ஒன்றின் அடியில் ஒன்றாகச் செருகி வைக்கும் பளிங்கு டீப்பாய்களை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது விலை. கேட்க வேண்டியது எடை. விருந்தாளி வந்தால் வெளியே இழுக்கலாம், போனதும் உள்ளே தள்ளிவிடலாம் என்றுதானே மூன்றாக வாங்குகிறோம்? அசைக்க முடியாத கனமாக இருந்தால் மூன்றும் சேர்ந்து ஒரே மேசையாகத்தான் கிடக்கும். ஆகவே கணக்கைக் கிலோவில் தொடங்குவோம்.

எடுத்துக்கொண்ட அளவு: 60, 45, 30 செ.மீ. விட்டமுள்ள மூன்று வட்டக் கற்கள். தடிமன் 18 மி.மீ. சட்டமும் கால்களும் 20 மி.மீ. சதுர இரும்புக் குழாய், மூன்றுக்கும் சேர்த்து 12 மீட்டர்.

எடை

பளிங்கு ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,700 கிலோ இருக்கும். 18 மி.மீ. கல்லில் சதுர அடிக்கு நாலரை கிலோ. 1.2 மி.மீ. கனமுள்ள இரும்புக் குழாய் மீட்டருக்கு 0.7 கிலோ.

- பெரியது: கல் 13.7 + சட்டம் 3.5 = 17.2 கிலோ
- நடு: கல் 7.7 + சட்டம் 2.8 = 10.5 கிலோ
- சிறியது: கல் 3.4 + சட்டம் 2.1 = 5.5 கிலோ
- மொத்தம்: 33.2 கிலோ

வீட்டு சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயு 14.2 கிலோ; பெரிய மேசையின் கல் மட்டுமே கிட்டத்தட்ட அவ்வளவு. அது நகராமல் இருக்க வேண்டியது, இருக்கட்டும். சிறியதை ஒரு கையால் தூக்கலாம், நடுவிலுள்ளதற்கு இரண்டு கை வேண்டும். கல் தடித்தால் உயர்ந்த ரகம் என்று நினைத்து 30 மி.மீ. கேட்டால், கற்கள் மட்டுமே 41 கிலோவைத் தாண்டும். நடு மேசை 15.7 கிலோ ஆகிவிடும். அதை யார் தினமும் இழுப்பார்கள்? 18 மி.மீ. போதும்.

உயரமும் காலும்

சோபாவின் இருக்கை பெரும்பாலும் 40 முதல் 45 செ.மீ. உயரம். பெரிய மேசை 45, நடு 39, சிறியது 33 செ.மீ. என்று வைத்தால் படிக்குப் படி 6 செ.மீ. அதில் கல்லும் சட்டமும் 3.8 செ.மீ. எடுத்துக்கொள்ளும்; மிச்சம் 2.2 செ.மீ. இடைவெளி. படியை 4 செ.மீ. ஆக்கினால் இடைவெளி 2 மி.மீ. மட்டுமே. உள்ளே தள்ளும்போதெல்லாம் இரும்பு கல்லை உரசும்.

கால்கள் எத்தனை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வட்ட மேசையில் மூன்று கால் வைப்பது அழகுக்காக மட்டும் இல்லை. பெரிய மேசையின் கால்கள் மையத்திலிருந்து 28 செ.மீ. தள்ளி நின்றால், மூன்று காலில் இரண்டு கால்களுக்கு நடுவே 46 செ.மீ. வாசல் கிடைக்கும், 45 செ.மீ. கல் நுழைந்துவிடும். நான்கு கால் என்றால் அந்த வாசல் 37 செ.மீ. ஆகச் சுருங்கும், கல் நுழையாது.

ஆனால் மூன்று கால் மேசை சீக்கிரம் சாயும். சிறிய மேசையில், இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள விளிம்பில் 5 கிலோ அழுத்தினாலே கவிழ்ந்துவிடும். தவழும் குழந்தை பிடித்து எழுந்தால் போதும். அதே மேசைக்கு நான்கு கால் வைத்தால் 10 கிலோவுக்கு மேல் தாங்கும். சிறியதன் அடியில் வேறெதுவும் நுழைய வேண்டியதில்லை. ஆகவே பெரியதற்கும் நடுவுக்கும் மூன்று கால், சிறியதற்கு நான்கு கால் என்று செய்யச் சொல்லுங்கள். மூன்றையும் ஒரே அச்சில் செய்து தருவதே வழக்கம் என்பதால் இதை வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும்.

இடம்

12 அடிக்கு 10 அடி ஹாலில் 4 அடிக்கு 2 அடி சென்டர் டேபிள் 8 சதுர அடியை எப்போதும் பிடித்துக்கொள்ளும். மூன்று டீப்பாயும் உள்ளே அடங்கியிருக்கும்போது 3 சதுர அடி. விரித்துப் போட்டால் மேற்பரப்பு ஐந்தரை சதுர அடி. சோபாவுக்கும் மேசைக்கும் நடுவே 40 செ.மீ.யாவது விடுங்கள்.

செலவு

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்; அளவுகள் மாறாது.

- கல்: 8 சதுர அடி × ரூ.300 = ரூ.2,400
- விளிம்பு மெருகு: 14 அடி × ரூ.100 = ரூ.1,400
- இரும்பு, வெல்டிங், பெயின்ட்: 8.4 கிலோ × ரூ.250 = ரூ.2,100
- மொத்தம்: ரூ.5,900

மேசைகளில் இருக்கும் கல் ஐந்தரை சதுர அடிதான். வட்டத்தைச் சதுரத்திலிருந்து வெட்டுவதால் 7 சதுர அடி வேண்டும், உடைசலுக்கு ஒன்று. மீதியாகும் மூலைத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். கறை எடுக்கும் முறையை மேசையில் இறங்கும் முன் அந்தத் துண்டில் சோதிக்கலாம். இந்தக் கணக்கில் கல்லின் விலை இரட்டித்தாலும் மொத்தம் 40 சதவீதமே கூடும். ஆகவே பேரத்தைக் கல்லோடு நிறுத்தாதீர்கள். விளிம்புக்கும் இரும்புக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

பராமரிப்பு

பளிங்கு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தாஜ்மகாலுக்குக் கல் தந்த மக்ரானாவிலிருந்து வந்தாலும், இத்தாலியின் கராராவிலிருந்து வந்தாலும் புளிப்பு பட்டால் கரையும். எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய 5 சதவீதம். 1 மி.லி. சாறு, அதாவது சுமார் 20 சொட்டு, முழுவதும் வினைபுரிந்தால் 0.04 கிராம் கல்லைத் தின்னும். 10 சதுர செ.மீ. பரப்பில் அது 0.015 மி.மீ. ஆழம். விரலுக்குத் தட்டுப்படாது. ஆனால் சாய்ந்து பார்த்தால், ஜூஸ் தம்ளர் இருந்த இடத்தில் மட்டும் விளக்கொளி பிரதிபலிக்காமல் மங்கலான வளையம் தெரியும். புளி, மோர், வினிகர், பாத்ரூம் கழுவும் ஆசிட் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

அந்த வளையம் கறை இல்லை. மெருகு போன இடம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது, மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். சீலர் அடித்திருந்தாலும் இது நடக்கும். சீலர் காபியும் எண்ணெயும் உள்ளே ஊறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு 15 நிமிடம் பொறுங்கள். துடைத்த இடம் கறுத்துத் தெரிந்தால் சீலருக்கு நேரம் வந்துவிட்டது. மூன்று கல்லும் சேர்ந்து அரை சதுர மீட்டர்தான். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தாலும் இரண்டு பூச்சுக்கு 100 மி.லி. போதும்.

எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் விடலாம். மண் தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மோ அளவில் பளிங்கின் கடினம் 3, மணலின் குவார்ட்ஸ் 7. தூக்கும்போது கல்லின் விளிம்பைப் பிடிக்காமல் சட்டத்தைப் பிடியுங்கள். 10 கால்களுக்கும் அடியில் கம்பளித் துண்டு ஒட்டினால் தரை ஓடு கீறாது.

ஒவ்வொரு தம்ளருக்கும் அடியில் கோஸ்டர் வைக்கும் பழக்கம் வீட்டில் வருமென்றால் பளிங்கு வாங்குங்கள். வராதென்றால் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட்டில் இதே அளவில் செய்துகொள்ளுங்கள். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, கடினம் 6க்கு மேல், எலுமிச்சை அதை ஒன்றும் செய்யாது.