வாளி மாறினால் டிவி கிழியும்!

லேப்டாப்பை டிவியில் மாட்டி, பெரிசாக கேம் ஆட வேண்டும், படம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படாத இளைஞர் உண்டா? ஞாயிற்றுக்கிழமை மதியம். வயிறு நிறையச் சாப்பாடு. ஃபேனுக்கு நேர் கீழே பாய். ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. ஒயர். சொர்க்கம்!

ஹீரோ வில்லனைத் துரத்துகிறார். கேமரா சர்ரென்று திரும்புகிறது. திடீரென்று ஹீரோவின் தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம்! நடுவே படுக்கைவாக்கில் ஒரு கோடு. வில்லன் அரிவாளை இன்னும் எடுக்கவே இல்லை சார், அதற்குள் ஹீரோ இரண்டு துண்டு!

"வாங்கி ரெண்டு வருசம் ஆகல, டிவியக் கெடுத்துட்டியேலே!" என்று அம்மா. "கார்டு போயிருக்கும்வே, புதுசுதான் போடணும்" என்று பக்கத்து வீட்டு மாமா. ஆக, போனஸ் பணத்துக்கு வேட்டு தயார்.

பொறுங்கள். பர்ஸை உள்ளே வையுங்கள். இந்தக் கிழிசலுக்கு 'ஸ்கிரீன் டியரிங்' என்று பெயர். பெரும்பாலும் டிவியும் கெடவில்லை, கார்டும் போகவில்லை. இரண்டுக்கும் நேரம் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்!

திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்தில் சொதி சாப்பிட்டிருக்கிறீர்களா? தேங்காய்ப்பால் சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி... சரி, நாக்கை அடக்கிக்கொண்டு பந்தியைக் கவனியுங்கள். பரிமாறுகிறவர் வாளியோடு முதல் இலையில் ஆரம்பித்துக் கடைசி இலை வரை போகிறார். திரும்ப முதல் இலைக்கு வருகிறார். டிவியும் இப்படித்தான். மேல்கோட்டில் தொடங்கிக் கீழ்க்கோடு வரை ஒவ்வொரு வரியாகப் படத்தைப் பரிமாறுகிறது. சாதாரண டிவியில் விநாடிக்கு 60 சுற்று. ஒரு சுற்றுக்கு சுமார் 16.7 மில்லி விநாடி!

சமையற்கட்டு யார்? கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் பகுதி. அது அடுத்த படத்தைச் சமைத்து முடித்ததும் ஆர்வக்கோளாறில், பரிமாறுகிறவர் பாதி வரிசையில் இருக்கும்போதே கையிலுள்ள வாளியை மாற்றிவிடுகிறது. என்ன ஆகும்? முதல் பாதி இலைகளில் சொதி, மீதி இலைகளில் ரசம்! திரையின் மேல்பாதி பழைய படம், கீழ்ப்பாதி புதிய படம். நடுவில் தெரியும் அந்தக் கோடுதான் வாளி மாறிய இடம்.

நம் ஊரில் இந்தத் தகராறுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 2006-ல் ஆட்சிக்கு வந்த தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. ஒரே வீட்டில் இரண்டும் சேர்ந்தால் சும்மா இருப்போமா? இரண்டுக்கும் கல்யாணம் பண்ணிவைக்கத் தோன்றும்தானே! ஜாதகம்தான் பொருந்தவில்லை.

பாபநாசத்தில் 1944-லிருந்து தாமிரபரணித் தண்ணீர் சுற்றித் தரும் கரண்ட், நம் நாட்டு வழக்கப்படி விநாடிக்கு 50 சைக்கிள். இந்த 50 சைக்கிள் ஐரோப்பாவிலும் உண்டு. அங்கே பிறந்த 'பால்' முறை டிவி அதற்கேற்றாற்போல் விநாடிக்கு 50 முறை திரையை நிரப்பியது. 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது நாமும் அந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். அமெரிக்காவில் கரண்ட் 60 சைக்கிள், டிவியும் கிட்டத்தட்ட 60. லேப்டாப் திரைகளும் 60-ஐப் பிடித்துக்கொண்டன. மாப்பிள்ளை 60, பொண்ணு 50!

பழைய குண்டு டிவியில் எச்.டி.எம்.ஐ. ஓட்டை கிடையாது. அதனால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் டப்பா மாட்டுவார்கள். 60 படத்தை 50-க்குள் திணிக்க அது சிலவற்றை விழுங்கும், படம் வெட்டி வெட்டிப் போகும். டப்பாவின் ஓரத்தில் 'பால் - என்.டி.எஸ்.சி.' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதை என்.டி.எஸ்.சி. பக்கம் தள்ளிப் பாருங்கள். டிவி ஏற்றுக்கொண்டால் வெட்டு குறையும்.

சரி, இன்றைய எல்.இ.டி. டிவிக்கு என்ன வைத்தியம்? காசு செலவில்லாத மருந்தை முதலில் பார்ப்போம்.

1. விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அமுக்குங்கள். 'டூப்ளிகேட்' என்றிருந்தால் 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்று மாற்றுங்கள். கேமிங் லேப்டாப்பின் திரை 144, டிவி 60 என்றால், ஒரே சமையற்கட்டு இரண்டு பந்தியைக் கவனிக்கிறது என்று அர்த்தம். ஏதாவது ஒரு பந்தியில் ரகளைதான்.

2. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய், டிவியைத் தேர்ந்தெடுத்து, ரெஃப்ரெஷ் ரேட் 60 இருக்கிறதா பாருங்கள். 4கே டிவியில் 30 மட்டும் காட்டுகிறதா? லேப்டாப்பின் ஓட்டை பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 ஆக இருக்கலாம். 4கே-யில் 60 என்பது 2013-ல் வந்த 2.0-வில்தான் சாத்தியமானது. கவலை வேண்டாம், 1920-க்கு 1080 என்று குறைத்தால் 60 கிடைக்கும்.

3. கேமின் செட்டிங்ஸில் 'வி-சிங்க்' என்பதை ஆன் செய்யுங்கள். இவர்தான் பந்தி விசாரிக்கிற பெரியவர். "வரிசை முடியட்டும்வே, பெறவு வாளிய மாத்து!" என்று சமையற்கட்டை அதட்டுவார். கிழிசல் நிற்கும். ஆனால் காத்திருப்பதால் பட்டனை அமுக்கியதற்கும் திரையில் அடி விழுவதற்கும் இடையே கொஞ்சம் தாமதம் வரும். அதைக் குறைக்க டிவியில் 'கேம் மோடு' போடுங்கள்.

4. சமீபத்தில் பெட்டியை ஃபார்மட் செய்தீர்களா? டிவைஸ் மேனேஜரில் 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால், கிராஃபிக்ஸ் டிரைவர் போடவே இல்லை என்று பொருள். தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிப் போடுங்கள். இலவசம்தான்.

5. லினக்ஸ்காரர்களே, லாகின் திரையில் 'வேலண்ட்' இருந்தால் அதில் நுழையுங்கள். முழுசாகச் சமைத்த படத்தை மட்டுமே இலைக்கு அனுப்புவது என்ற கொள்கையோடு உருவானது அது.

புது டிவி வாங்கப் போகிறவர்கள் 'வி.ஆர்.ஆர்.' இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். 2017-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.1-ல் சேர்ந்த வசதி இது. வாளி தயாரான பிறகே பரிமாறுகிறவர் நடையைத் தொடங்குவார். பந்தி சமையலுக்காகக் காத்திருக்கும்! ஆனால் லேப்டாப்பிலும் அந்த வசதி இருந்தால்தான் பலன்.

ஒயரைச் சந்தேகிக்க வேண்டியது எப்போது? திரையில் புள்ளி புள்ளியாக மின்னினால், படம் அடிக்கடி போய் வந்தால். அப்போதும் சாதாரண ஒயரே போதும், தங்க முலாம் காதுக்கும் கழுத்துக்கும் இருக்கட்டும். கார்டைச் சந்தேகிப்பது எப்போது? கேம் ஓடும்போது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதிலும் கறை, புள்ளி, கலர் கோடுகள் விழுந்திருந்தால் மட்டும் கார்டைப் பற்றி யோசியுங்கள். டிவியில் கிழிகிறது, ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருக்கிறது என்றால் அது வாளித் தகராறுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், தாராளமாகப் போங்கள். உள்ளே நுழைந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணாச்சி, இந்த வியாதிக்கு முதல்ல என்ன பாப்பீய?"

"ரெஃப்ரெஷ் ரேட்ட பாப்போம் தம்பி" என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். "கார்ட மாத்திருவோம்" என்றால், ஒயரைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்!