மயில்துத்தத்தைத் தாங்கும் மரக்கன்று வேர்கள்

சேர்வராயன் மலையில் காப்பிக்கு வரும் இலைத்துரு நோயைத் தடுக்க 0.5 சத போர்டோ கலவை தெளிப்பது நெடுநாள் வழக்கம். 200 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. மயில்துத்தத்தில் கால் பங்கு தாமிரம். ஏக்கருக்கு ஆண்டில் 4 கிலோ மயில்துத்தம் செலவானால் 1 கிலோ தாமிரம் தோட்டத்தில் சேருகிறது. மழையில் அது அடித்துக்கொண்டு போய்விடும் என்று பலர் எண்ணுகிறார்கள். போவது சொற்பமே. தாமிரம் மக்குடன் பிணைந்து மேல்மண்ணிலேயே தங்கிவிடும். 1885ஆம் ஆண்டில் இக்கலவை புழக்கத்திற்கு வந்த பிரான்சு நாட்டில், பழைய திராட்சைத் தோட்டங்களின் மேல்மண்ணில் இன்றும் தாமிரம் மிகுந்துள்ளது.

வளர்ந்த நிழல் மரத்தின் வேர்கள் ஆழத்தில் இருப்பதால் பாதிப்பு எளிதில் தெரியாது. புதிதாக நடும் சில்வர் ஓக், பலாக் கன்றுகளின் பாடுதான் கடினம். அவற்றின் வேர் முழுவதும் மேல்மண்ணில்தானே இருக்கிறது!

தாமிரம் சிறிதளவு பயிருக்குத் தேவையான சத்து; மிஞ்சினால் நஞ்சு. மிஞ்சியதைக் கன்று தன் வேரிலேயே மடக்கி வைக்கப் பார்க்கிறது. வேர்ச் செல்களின் சுவர் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே நுழைந்ததைக் கந்தகம் கொண்ட சிறு புரதப் பொருள்கள் கட்டிப்போட, செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பையில் அது அடைபடுகிறது. வேர் உட்பூசணமும் பல மரங்களில் இதற்குத் துணை செய்கிறது. ஆகவே தாமிரத்தின் பெரும்பகுதி தண்டுக்கும் இலைக்கும் ஏறுவதில்லை.

இதற்கும் ஓர் அளவு உண்டு. அளவு மீறினால் வேர்நுனி தடித்துப் பழுப்பாகும். பக்க வேர்கள் விடா. இரும்புச்சத்து ஏறாமல் இளம் இலை நரம்பிடையில் வெளுக்கும். வெளுத்த கன்றைக் கண்டதும் யூரியா வைப்பது தவறு. யூரியா மண்ணின் புளிப்பைக் கூட்டும். புளிப்பு மண்ணில் தாமிரம் மேலும் கரையும். முதலில் கன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.

நாற்றுப் பைகளுக்குப் பழைய காப்பித் தோட்டத்து மேல்மண்ணை, குறிப்பாக மருந்துக் கலவை தயாரிக்கும் பீப்பாய் வைத்த இடத்து மண்ணை எடுக்கக் கூடாது. சந்தேகமிருந்தால் அந்த மண்ணில் சில பைகளும் வேறு நல்ல மண்ணில் சில பைகளும் நிரப்பித் தட்டைப்பயறு ஊன்றி, 15 நாளில் வேர்களைக் கழுவி ஒப்பிடலாம், செலவில்லாத சோதனை. நடும் குழிக்கு மக்கிய தொழு உரம் தாராளமாக இடவும். சுண்ணாம்பை மட்டும் கண்ணளவில் போடாமல், மண் பரிசோதனை சொல்லும் அளவில், நடுவதற்குச் சில வாரம் முன்பே மண்ணில் கலந்துவிடவும்.