சண்முகம் எங்கே?

காப்பித் தோட்ட வேலை முடிந்து, இரவில் கைப்பேசியில் தொடர் பார்க்கும் பேத்துப்பாறைத் தோழர்கள் சிலர் நமக்கொரு வினா விடுத்துள்ளனர். "சுழல் இரண்டாம் பாகத்தையும் பார்த்து முடித்தோம். எங்கள் சண்முகம் எங்கே?"

'எங்கள் சண்முகம்' என்கின்றனரே, அந்த உரிமையைக் கவனியுங்கள், தோழர்களே!

2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளியான 'சுழல்', புஷ்கர் - காயத்ரி இணையர் படைத்த துப்பறியும் தொடர். களம், சாம்பலூர் எனும் கற்பனை மலையூர். அங்கே ஒரு சிமெண்ட் ஆலை, வேலைநிறுத்தம், அதை நடத்தும் தொழிற்சங்கத் தலைவர் சண்முகம். வேடந்தாங்கியவர் பார்த்திபன். கடவுளை மறுப்பவர், முதலாளி முன் முதுகு வளையாதவர். ஓரிரவு ஆலை தீப்பற்றுகிறது. அதே இரவில் அவருடைய இளைய மகள் நிலா காணாமற் போகிறாள். ஐயம் முதலில் யார் மீது பாயும்? சங்கத் தலைவன் மீதுதானே! தீ எங்கே எரிந்தாலும் நெருப்புப் பெட்டியைத் தொழிலாளியின் சட்டைப் பையில் தேடுவது நெடுநாள் வழக்கமாயிற்றே!

ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. முடிவில் வெளிப்படும் குற்றவாளி யார்? சண்முகத்தின் உடன்பிறந்தான் குணா! அண்ணனின் இரு பெண்களையும் பிள்ளைப் பருவத்திலேயே சீரழித்த கயவன். ஆலை வாயிலில் ஆயிரம் பேரின் குறை கேட்ட காது, வீட்டில் பெற்ற மகளின் ஊமை அழுகையைக் கேட்கவில்லை. மூத்தவள் நந்தினி நீதியைத் தானே கையிலெடுத்துச் சிறை புகுகிறாள். ஊருக்கு உழைக்கும் ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்து எண்ண வேண்டிய இடம் இது. மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு, வீடு திரும்பியதும் "பேசாமல் இரு" என்கிறோமா இல்லையா?

2025 பிப்ரவரி 28 அன்று இரண்டாம் பாகம் வந்தது. கதை காளிபட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது. சக்கரை வந்தார், நந்தினி வந்தார். சண்முகம் வரவில்லை! புதிய கொலை, புதிய திருவிழா, புதிய முடிச்சு. எரிந்த ஆலையை நம்பி வாழ்ந்த குடும்பங்களில் அடுப்பு எரிந்ததா? உண்மையறிந்த தந்தை என்ன ஆனார்? ஒரு சொல் இல்லை. முடிச்சை இறுக்க ஒரு தொழிலாளர் தலைவர் தேவைப்பட்டார். முடிச்சு அவிழ்ந்ததும் அனுப்பிவிட்டனர். நடிப்பில் குறையில்லை, நாம் குறை சொல்வது கணக்கு முடிக்காமல் ஆளை அனுப்பிய முறையை!

கதையில் அப்படி அனுப்பலாம். வாழ்க்கையில் முடியுமா? நம் கொடைக்கானலையே பாருங்கள். இங்கும் மலை மேல் ஓர் ஆலை இருந்தது. பாதரச வெப்பமானி செய்த இந்துஸ்தான் லீவர் ஆலை. பாதரசம் படிந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு முஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்தது அம்பலமாகி, 2001 மார்ச்சில் ஆலை நின்றது. செய்தித்தாள்களுக்கு அன்றே கதை முடிந்திருக்கலாம். தொழிலாளர்க்கு முடியவில்லை. பாதரசம் தங்கள் உடலைக் கெடுத்தது என்று முறையிட்டனர், நிறுவனம் மறுத்தது. அவர்கள் கலையவில்லை. 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்க்காக உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுகள், தோழர்களே! எத்தனை பாகம் எடுத்தாலும் தீராத தொடரல்லவா அது!

ஆகவே, பேத்துப்பாறைத் தோழர்களின் வினாவை நாமும் வழிமொழிகிறோம். மூன்றாம் பாகம் ஒன்று வருமாயின், படைப்பாளர்கள் சண்முகத்தைத் திரும்ப அழைக்கட்டும். தொழிலாளர் நடுவே அவர் மீண்டும் நிற்கட்டும். மகள் முன் போய் அமர்ந்து, அவள் சொல்வதை முதன்முறையாக முழுமையாகக் கேட்கட்டும். அதுவரை, கேட்கும் கடமை நம்முடையது. இன்றிரவு தொடரை நிறுத்தியதும், வீட்டுப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள்!