முட்டைக்கு முந்திய பெப்டைடு

நாமக்கல் பண்ணையில் ஒரு கோழி முட்டையிட வேண்டுமானால், அதன் மூளையடியிலிருந்து பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு கிளம்பியாக வேண்டும். பெயர் ஜி.என்.ஆர்.எச். பிட்யூட்டரி செல்லின் மேலுள்ள ஏற்பியில் அது பொருந்தினால்தான் மேற்கொண்டு ஹார்மோன்கள் சுரக்கும். நம் உடலிலும் இது உண்டு. எட்டாவது இடத்தில் மட்டும் நமக்கு அர்ஜினின், கோழிக்கு குளுட்டமின். அந்த ஒரு மாற்றத்தாலேயே கோழியின் பெப்டைடு பாலூட்டிகளின் ஏற்பியை அவ்வளவு பலமாகப் பற்றுவதில்லை.

இந்தப் பிடியை அளப்பது எப்படி? பெப்டைடில் கதிர்வீசும் அயோடின்-125 அணுவை ஏற்றுகிறார்கள். ஐந்தாவது இடத்திலுள்ள டைரோசின் அதற்கு வாகானது. 1962-இல் ஹன்டரும் கிரீன்வுட்டும் சொன்ன குளோரமின்-டி முறையில் இது சில நிமிட வேலை. ஆனால் அயோடின் பருத்த அணு. ஏற்பியைப் பற்றும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டால் காரியம் கெட்டது.

பிறகு பிட்யூட்டரிச் சவ்வோடு இந்த ‘ஹாட்’ பெப்டைடைக் கலந்து, வடிகட்டிக் கழுவி, ஒட்டி நின்றதை காமா கவுண்டரில் எண்ணுவார்கள். குழாய்ச் சுவரிலும் கொஞ்சம் ஒட்டுமே? அதற்காக இன்னொரு குழாயில் கதிரற்ற ‘கோல்டு’ பெப்டைடை ஏராளமாகக் கொட்டி ஏற்பிகளை நிரப்பிவிடுவார்கள். அங்கே மிஞ்சும் எண்ணிக்கை வெறும் ஒட்டல். அதைக் கழித்தால் கிடைப்பதுதான் உண்மையான பிணைப்பு. ஜி.என்.ஆர்.எச்.-ஐக் கண்ட கியோமான், ஷாலி இருவரோடு, ஹார்மோனைக் கதிரால் அளக்கக் கற்றுத்தந்த ரோசலின் யாலோவும் 1977 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது பொருத்தம்தான்.

சப்ளை செய்பவருக்குத்தான் தலைவலி. அயோடின்-125 பாதியாகக் குறைய சுமார் 60 நாள் ஆகும். ஆனால் பெப்டைடு அதற்கு முன்பே தன் மேலுள்ள கதிராலேயே சிதைகிறது. அதனால் மொத்தமாகச் செய்து அடுக்கிவைக்க முடியாது. தேதி குறித்து, சுத்திகரித்து, குளிர்பெட்டியில் அனுப்ப வேண்டும். வாங்குபவரிடம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் இருக்க வேண்டும்.

இதே ஏற்பித் தந்திரம்தான் சிகிச்சைக்கும். மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையில் உண்டாக்கும் லுட்டேசியம்-177-ஐ, கட்டியின் ஏற்பியைப் பற்றும் டோட்டடேட் பெப்டைடில் பூட்டி நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்குச் செலுத்துகிறார்கள். அதன் அரை ஆயுள் 6.6 நாள், மும்பையிலிருந்து சேலத்துக்குப் பார்சல் வரத் தாராளம். அதே கட்டியைப் படம் பிடிக்க உதவும் காலியம்-68-க்கோ 68 நிமிடம்தான். அதை வரவழைக்க முடியாது. சிதைந்து காலியம்-68 ஆகும், 271 நாள் அரை ஆயுள் கொண்ட ஜெர்மானியம்-68 அடைத்த ஜெனரேட்டரை ஆஸ்பத்திரியிலேயே வைத்து, தேவைப்படும்போது கறந்துகொள்ள வேண்டும்.