எரிபொருளும் படைபலமும்: ரஷ்ய வல்லரசுக் கனவின் இரு தூண்கள்

ஓர் அரசு எவற்றின் மீது நிலைகொண்டிருக்கின்றது என்ற வினாவை இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டில் எழுதிய ‘முகத்திமா’வில் விரிவாக ஆராய்கின்றார். படையும் பொருளும் அரசின் இரு அடித்தளங்கள் என்பது அவரது முடிவு. ஆயினும் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. பாரசீக மன்னர் அனூஷிர்வானின் கூற்றாக ஒரு சங்கிலித் தொடரையும் நமக்கு நினைவூட்டுகின்றார். படை பொருளால் நிலைபெறுகின்றது. பொருள் வரியிலிருந்து வருகின்றது. வரி நாட்டின் செழிப்பிலிருந்து வருகின்றது. அச்செழிப்போ நீதியின்றி அமைவதில்லை என்பது அதன் சாரம். ஆகவே, படைபலத்தை விரும்பும் ஆட்சியாளன் இறுதியில் குடிமக்களின் உழைப்பையும் உரிமையையும் காத்தே ஆகவேண்டும்.

நவீன காலத்தில் இச்சங்கிலியின் நடுக்கண்ணிகளைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழியொன்று திறந்தது. நிலத்தடி எண்ணெயையும் எரிவாயுவையும் அயலாருக்கு விற்றுக் கருவூலத்தை நிரப்பும் அரசு, படை திரட்டுவதற்குக் குடிமக்களின் செழிப்பை அவ்வளவாக நம்பியிருக்க வேண்டியதில்லை. இக்குறுக்குவழி ஒரு நாட்டை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும்? ரஷ்யாவின் அனுபவம் இதற்குத் தெளிவான விடை தருகின்றது.

சோவியத் அனுபவம்

ரஷ்ய எண்ணெயின் வரலாறு காஸ்பியன் கரையிலுள்ள பாகூவில் தொடங்குகின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக எண்ணெயில் ஏறத்தாழப் பாதியை ரஷ்யப் பேரரசே எடுத்தது. அதில் மிகப் பெரும்பகுதி பாகூவினுடையது. 1942இல் ஹிட்லரின் படைகள் காக்கேசியாவை நோக்கி விரைந்ததற்கும் இந்த எண்ணெயே முதன்மைக் காரணம். பின்னர் 1948இல் தாத்தாரிய மண்ணில் ரொமாஷ்கினோ வயலும், 1965இல் மேற்குச் சைபீரியாவில் சமொத்லோர் வயலும் கண்டறியப்பட்டன. இவற்றுள் பாகூவும் தாத்தாரிய மண்ணும் பன்னூறு ஆண்டுகளாக முஸ்லிம்கள் வாழ்ந்துவரும் நிலங்கள் என்பது நம் கவனத்திற்குரியது.

1973ஆம் ஆண்டு ரமழான் போரின்போது அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய் ஒன்று சுமார் 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. தடையில் பங்குகொள்ளாத சோவியத் ஒன்றியம் இவ்விலையுயர்வின் பலனைத் தாராளமாகப் பெற்றது. அந்த வருவாய் கோதுமையை இறக்குமதி செய்ய உதவியது. ஆயுதத் தொழிலையும் தொலைநாட்டு நட்பு அரசுகளையும் தாங்கியது. அங்கோலாவிலும் எதியோப்பியாவிலும் தலையிட்ட மாஸ்கோ, 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் படைகளை அனுப்பியது.

1985இல் சவூதி அரேபியா தன் உற்பத்தியை உயர்த்தத் தொடங்கவே, 1986இல் விலை 10 டாலர் அளவுக்குச் சரிந்தது. படையெடுப்பின் செலவு மட்டும் சரியவில்லை. 1989 பெப்ரவரியில் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறின; 1991 டிசம்பரில் ஒன்றியமே கலைந்தது. இவ்வீழ்ச்சிக்கு எண்ணெய் விலை மட்டுமே காரணமன்று. தேசிய இனங்களின் விழிப்பும், தேங்கிநின்ற பொருளாதாரமும் சேர்ந்தே அதனை வீழ்த்தின. எனினும் ஓர் உண்மை புலனாகின்றது. பல்லாயிரம் அணு ஆயுதங்கள் கிடங்குகளில் இருக்கும்போதே அவ்வரசு சரிந்தது. படை என்னும் தூண் நின்றது. பொருள் என்னும் தூணோ தன் கட்டுப்பாட்டிலில்லாத சந்தையின் மீது ஊன்றப்பட்டிருந்தது.

குழாய் ஆயுதமான விதம்

1998இல் ரஷ்யா தன் கடன்களைச் செலுத்த இயலாது நின்றது. பத்தாண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 2008 ஜூலையில் எண்ணெய் விலை 147 டாலரை எட்டியது. இதற்கிடையே அதிபர் புட்டினின் அரசு யூக்கோஸ் நிறுவனத்தின் முக்கிய எண்ணெய் வயல்களை 2004இல் அரசுடைமையான ரொஸ்னெஃப்டின் வசம் சேர்த்தது. 2005இல் காஸ்ப்ரோம் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளையும் தனதாக்கியது. பாரிஸ் மன்றக் கடன்களை 2006இல் முன்கூட்டியே அடைத்தது. இராணுவச் செலவும் ஆண்டுதோறும் உயர்ந்தது.

இவ்விடத்தில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் உணர்தல் வேண்டும். எண்ணெய் கப்பலில் செல்லும். விற்பவர் மறுத்தால் வாங்குபவர் வேறிடம் நாடலாம். குழாய்வழிச் செல்லும் எரிவாயுவோ இரு தரப்பையும் பல பத்தாண்டுகளுக்குப் பிணைத்துவிடுகின்றது. 2006 ஜனவரியிலும் 2009 ஜனவரியிலும் உக்ரைனுடன் எழுந்த தகராறில் ரஷ்யா வாயுவை நிறுத்தியது. இரண்டாம் முறை ஏறத்தாழ இரு வாரங்கள் நீடித்த அந்நிறுத்தத்தால், கடுங்குளிரில் பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் பெரிதும் அல்லலுற்றன. 2011இல் பால்டிக் கடலடியே 1,224 கிலோமீட்டர் நீளமான ‘நோர்ட் ஸ்ட்ரீம்’ குழாய் ஜெர்மனியை நேரடியாக இணைத்தது. இனி உக்ரைனைத் தவிர்த்தே மேற்கு ஐரோப்பாவுக்கு வாயு அனுப்பலாம் என்ற நிலை உருவாயிற்று.

குழாயும் படையும் ஒரே வழியில் நடந்ததையும் காண்கின்றோம். பாகூவின் எண்ணெயை நொவொரொசிஸ்க் துறைமுகத்திற்குக் கொண்டுசென்ற குழாய் செச்னியாவின் ஊடே சென்றது. 1994இலும் 1999இலும் தொடங்கிய இரு போர்களில், பழம்பெரும் எண்ணெய் நகரான க்ரோஸ்னி இடிபாடுகளின் குவியலாயிற்று. அப்போர்களுக்கு எண்ணெய் மட்டுமே காரணமென்று கூறுவது மிகை. ஆயின், தம் மண்ணில் வளம் இருந்ததால் அம்மக்கள் பாதுகாப்புப் பெறவில்லை என்பது மறுக்கவியலாதது.

ஆயுதம் திரும்பியபோது

2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 விழுக்காட்டுக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2022 பெப்ரவரி 24 அன்று படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோது, ஐரோப்பா இப்பிணைப்பை அறுக்கத் துணியாது என மாஸ்கோ கணித்திருக்கக் கூடும். நடந்தது வேறு. ஐரோப்பியர் மிக உயர்ந்த விலை கொடுத்து நோர்வேயிடமிருந்து குழாய்வழி வாயுவையும், அமெரிக்காவிடமிருந்தும் கத்தாரிடமிருந்தும் திரவ எரிவாயுவையும் வாங்கினர். 2022 செப்டம்பரில் நோர்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் கடலடியில் வெடித்துச் சிதைந்தன. 2023இல் ரஷ்யாவின் பங்கு சுமார் 15 விழுக்காடாகச் சுருங்கியது. அதே ஆண்டில் காஸ்ப்ரோம், 1999க்குப் பின் முதன்முறையாக, ஆண்டு இழப்பைக் கண்டது. உக்ரைன் வழியான வாயுப் போக்குவரத்தும் 2025 ஜனவரி 1 அன்று நின்றது.

வாங்குபவரைக் கட்டிப்போட்ட குழாய் விற்பவரையும் கட்டிப்போட்டிருந்தது. மேற்குச் சைபீரிய வயல்களின் பெருங்குழாய்கள் மேற்கு நோக்கியே செல்கின்றன. 2019இல் சீனாவுக்குத் திறக்கப்பட்ட குழாய் கிழக்குச் சைபீரிய வயல்களிலிருந்து புறப்படுவது; ஐரோப்பா வாங்காது விட்ட வாயுவை அதில் திருப்பிவிட இயலாது. கப்பலில் செல்லும் எண்ணெயோ தள்ளுபடி விலையில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் திரும்பியது. அவ்வருவாயே போரைத் தொடரவும் உதவியது. ஆகவே எரிபொருளின் வலிமையைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறு. அதே வேளையில், இத்துணை வருவாய் இருந்தும் ஈரானிய ஆளில்லா விமானங்களையும் வடகொரிய எறிகணைகளையும் ரஷ்யா நாட வேண்டியிருந்தது. பணம் ஆயுதத்தை வாங்கும். ஆனால் அதனைத் தேவையான அளவில் ஆக்கித்தரும் தொழில்திறனை ஒரு நாளில் வாங்கித்தராது.

நாம் பெறும் படிப்பினை

எரிபொருள் வளம் ஒரு நாட்டின் வேட்கையை அதன் உண்மை ஆற்றலினும் விரைவாக வளர்த்துவிடுகின்றது. விலை உயரும்போது எல்லைகள் சிறியனவாகத் தோன்றுகின்றன. விலை சரியும்போதுதான் மக்களின் செழிப்பு என்னும் கண்ணி விடுபட்டிருந்தது தெரியவருகின்றது. எண்ணெய் வளமிக்க முஸ்லிம் நாடுகள் பலவற்றுக்கும் இது அந்நியமான கதையன்று. ஆங்காங்கு எழும் படைப்பெருக்கத்தைக் கண்டு பெருமிதம் கொள்ளுமுன், அதற்கான பொருள் எங்கிருந்து வந்தது, இடையில் குடிமக்களின் உழைப்பும் நீதியும் எங்கே நிற்கின்றன என்று கேட்பதே இப்னு கல்தூனைக் கற்றவர்க்கு அழகாகும்.